வாசித்துக்காட்டிய டிக்கன்ஸ்

நூலாசிரியர் ஒருவர் பொது நூல்நிலையத்துக்கு வந்து, கூடியிருப்போர் முன்னிலையில் தம் ஆக்கத்தைத் தாமே வாசித்துக்காட்டும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் வேரூன்றிவிட்டது. கவிஞர் கவிதை படிக்கிறார். நாவலாசிரியர் ஓர் அத்தியாயத்தைப் படிக்கிறார். பின்னர் வினாவும் விடையும் நடைபெறுகின்றன. கோயில் மண்டபத்தில் ஒருவர் படிக்க, மற்றொருவர் பயன்சொல்ல, ஊரே கூடியிருந்து புராணங் கேட்ட மரபில் வந்த நமக்குக் காதாற் கேட்கும் இலக்கியம் புதியதன்று. ஆயினும் ஆக்கியோனே நேரில் நின்று படிப்பதென்பது வேறொரு சங்கதி. ஆங்கில நாட்டில் அதனைப் பெருங்கலையாக வளர்த்து, அதற்காகத் தம் உடலையும் தேய்த்துக்கொண்டவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ்.

டிக்கன்ஸின் நாவல்களை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் நன்கறிவர். வகுப்பறையிலே ‘ஒலிவர் டுவிஸ்ட்’ படியாத தலைமுறை நம்மிடையே குறைவு. நாவலாசிரியராகிய டிக்கன்ஸைப்பற்றி எழுதியோர் பலராதலின், நான் இங்கு வாசகராகிய டிக்கன்ஸைப்பற்றியே சொல்ல விரும்புகிறேன். வாசகர் என்ற சொல்லை அதன் பழைய பொருளில், வாசித்துக்காட்டுபவர் என்ற பொருளிலே கொள்க.

அவர் 1812ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி போர்ட்ஸ்மத் நகரிலே பிறந்தார். 1824இல் தந்தையார் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைபட, பன்னிரண்டு வயதுச் சிறுவன் சப்பாத்து மைத் தொழிற்சாலையொன்றிற் போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டான். அந்த அவமானத்தை அவர் தம் பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை. பின்பு சில காலம் பள்ளிப்படிப்பு, அதன்பின் வழக்கறிஞர் கந்தோரிலே எழுதுவினைஞர் வேலை, சுருக்கெழுத்துப் பயிற்சி. பதினெட்டு வயது நிரம்பியதும் அவர் செய்த முதற்காரியங்களில் ஒன்று, பிரித்தானிய நூதனசாலையின் வாசிப்புமண்டபத்துக்கு அனுமதிச்சீட்டுப் பெற்றதாகும். பல்கலைக்கழகத்தை எட்டிப்பாராத அவ்விளைஞருக்கு அம்மண்டபமே பல்கலைக்கழகமாயிற்று. இதனை நான் இங்கு எடுத்துக்கூறுவதற்குக் காரணமுண்டு. நூல்நிலையம் என்றால் என்ன என்பதை வறுமையின் பக்கத்தில் நின்று அறிந்தவர் அவர்.

அவ்வறிவு 1852இல் மான்செஸ்டர் நகரிலே வெளிப்பட்டது. நகரசபைகள் வரிப்பணத்தில் நூல்நிலையம் அமைக்கலாம் என்னும் சட்டம் 1850இல் நிறைவேறியிருந்தது. விசித்திரமான சட்டம்: கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் வரிப்பணத்தைச் செலவிடலாம், நூல் வாங்குவதற்குச் செலவிடலாகாது! ஆகவே நூல்களுக்கு நன்கொடையை நம்பவேண்டியதாயிற்று. மான்செஸ்டரிலே செல்வர்கள் பெருந்தொகை கொடுத்தார்கள். ஆலைத் தொழிலாளர்களும் தம் சிறு கூலியிலிருந்து பணஞ் சேர்த்துக் கொடுத்தார்கள். 1852 செப்டெம்பர் 2ஆந் திகதி காம்ப்பீல்ட் என்னுமிடத்தில், இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களுடன் இலவச நூல்நிலையம் திறக்கப்பட்டது. விழாவுக்கு டிக்கன்ஸ், தாக்கரே, புல்வர் லிட்டன் ஆகிய மூன்று நாவலாசிரியர்கள் ஒருங்கே வந்திருந்தார்கள்.

அன்று தாக்கரேக்கு நேர்ந்தது பரிதாபமானது. எழுத்திலே ஈடிணையற்ற எள்ளல்வல்ல அப்பெருமகன், பேச எழுந்து சில வாக்கியங்கள் சொன்னதும் நாத் தழுதழுத்து, மேலே செல்லமாட்டாது அமர்ந்துவிட்டார். டிக்கன்ஸ் எழுந்தபோது சபை நிமிர்ந்தது. அக்காலத்தில் மான்செஸ்டர் என்றதும் எவருக்கும் நினைவுவருவது, அந்நகரின் பெயரால் வழங்கிய பொருளாதாரக் கொள்கையாகும். அந்தக் ‘கலாசாலை’ எதைப் போதிக்கிறதென்று தமக்கு நெடுங்காலமாக விளங்கவில்லை என்றும், பலர் பலவாறு சொல்லக் கேட்டுக் குழம்பியிருந்ததாகவும், ஏழைக்கும் செல்வர்க்கும் ஒருங்கே திறந்த இந்த நூல்நிலையமே அந்தக் கலாசாலை என்பதை இன்று கண்டுகொண்டதாகவும் அவர் நயம்படக் கூறினார். சபை ஆரவாரித்தது. ஒருவன் எழுத வல்லவனாயிருப்பது வேறு, எழுந்து நின்று பேச வல்லவனாயிருப்பது வேறு என்பதற்கு அந்த ஒரு மேடையே போதிய சான்று.

டிக்கன்ஸின் இவ்வாற்றல் திடீரென முளைத்ததன்று. இளமையில் நடிகராக விரும்பியவர் அவர். 1844இல் இத்தாலியிற் குடியிருந்தபோது, தாம் புதிதாய் எழுதிய கிறிஸ்மஸ் கதையொன்றை நண்பர்களுக்கு வாசித்துக்காட்டுவதற்கென்றே ஜெனோவாவிலிருந்து லண்டனுக்குக் குளிரிலே பயணஞ் செய்தார். நண்பர் ஜோன் போர்ஸ்டர் வீட்டிலே அவர் வாசிக்க, கேட்டிருந்தோர் அழுதார்கள். அழச்செய்யும் வல்லமை தம் குரலுக்கு உண்டென்பதை அன்றிரவு அவர் கண்டுகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொதுமக்கள் முன்னிலையில் முதல் வாசிப்பு 1853 டிசெம்பரிலே பேர்மிங்ஹம் நகர மண்டபத்தில் நடைபெற்றது. அந்நகரிலே தொழிலாளர் கல்விக்கென ஒரு நிலையம் அமைக்க நிதி திரட்டினார்கள். டிக்கன்ஸ் மூன்று இரவுகள் இலவசமாக வாசிக்க இசைந்தார். ஒரேயொரு நிபந்தனை விதித்தார். மூன்றாம் இரவு தொழிலாளருக்கே உரியதாயிருக்கவேண்டும். நுழைவுச்சீட்டு ஆறு பென்சுக்கு மேற்படலாகாது. டிசெம்பர் 30ஆந் திகதி அம்மண்டபம் நிரம்பி வழிந்தது. ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதையை அவர் மூன்று மணி நேரமளவில் வாசித்தார். நாள் முழுதும் பட்டறையில் உழைத்துவிட்டு வந்த மக்கள் ஒரு சொல்லையும் தவறவிடாது கேட்டார்கள். சிரிக்கவேண்டிய இடத்திலே சிரித்தார்கள். நெகிழவேண்டிய இடத்திலே நெகிழ்ந்தார்கள். முதலிரண்டு இரவுகளின் கனவான்களைக் காட்டிலும் இவர்களே சிறந்த சபையினர் என்பது டிக்கன்ஸின் முடிபு. ‘பாமரருக்கு இலக்கியம் விளங்காது’ என்று நம்மிடையே சொல்லித்திரியும் பண்டிதர்கள் இதனைச் சற்று ஊன்றி நோக்குவது நன்று.

அதன்பின் ஊர்தோறும் அழைப்பு வந்தது. தருமத்துக்காக வாசித்துவந்தவர், 1858 ஏப்ரில் 29ஆந் திகதி லண்டன் சென் மார்ட்டின் மண்டபத்திலே முதன்முறையாகத் தமக்கே பணம் வரும்படி வாசித்தார். இங்கேதான் பிணக்கு எழுந்தது. போர்ஸ்டர் வன்மையாக எதிர்த்தார். எழுத்தாளன் கூத்தாடியைப்போல் மேடையேறிக் காசு வாங்குவது அவன் தகைமைக்கு இழுக்கென்பது அவர் வாதம். டிக்கன்ஸுக்குப் பணத்தேவை இருந்தது: புதிதாய் வாங்கிய காட்ஸ்ஹில் மாளிகை, பெருங்குடும்பம், அவ்வாண்டிலேயே முறிந்துபோன இல்லறம். அமைதியின்மையும் இருந்தது. போர்ஸ்டர் பக்கம் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய நியாயம் கனவான்களின் நியாயம். கதை சொல்லி உழைப்பவன் கூலி வாங்குவதில் இழிவு யாது? எத்துணை உயர்ந்த ஆசனங்கள் விற்பனையானாலும், ஒரு ஷில்லிங்குக்கு நல்ல இடங்கள் இருந்தே ஆகவேண்டுமென்று டிக்கன்ஸ் கடைசிவரை பிடிவாதமாக நின்றார். அப்பிடிவாதம் ஒன்றே அவரைக் காசுக்காக மட்டும் மேடையேறியவர் என்ற பழியிலிருந்து காப்பாற்றப் போதுமானது.

அவர் மேடையை அமைத்த முறையும் கவனிக்கத்தக்கது. முன்னால், அவரே திட்டமிட்டுச் செய்வித்த சிறு மேசை. இடதுகையை ஊன்றிக்கொள்வதற்கு அதன்மேல் ஒரு கட்டை. உடலசைவு முழுவதும் சபைக்குத் தெரியவேண்டுமென்பதற்காக மேசை மெல்லியதாகவே இருந்தது. பின்னாற் கருஞ்சிவப்புத் திரை, அவர் குரல் சிதறாது முன்னோக்கிச் செல்வதற்கு. முகத்தில் ஒளி விழும்படி வாயுவிளக்குகள். நூல் கையில் இருக்கும். ஆனால் அவர் அதைப் பார்ப்பதரிது. பாடம் முழுவதும் மனத்திலிருந்தது. ‘டொக்டர் மேரிகோல்ட்’ என்னும் கதையை மேடைக்குக் கொண்டுவருமுன் இருநூறு தடவைக்குமேல் தமக்குத்தாமே சொல்லிப் பழகியதாக அவர் எழுதியுள்ளார். நம்மவர் கூட்டங்களிலே, தலைநிமிராமற் கடதாசியைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு இறங்கும் எழுத்தாளர்களை எண்ணும்போது இந்த இருநூறு என்ற எண் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு.

தம் நூல்களை வெட்டவும் அவர் தயங்கவில்லை. அச்சுப்பக்கங்களைப் பெரிய தாள்களில் ஒட்டுவித்து, வாசிப்புக்கு வேண்டாத வருணனைகளைக் கோடிட்டு நீக்கினார். பேர்மிங்ஹமில் மூன்று மணி நேரம் கொண்ட கதை, நாளடைவில் அதிற் பாதியளவாகச் சுருங்கிற்று. பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாறும், முகமும் மாறும்.

1865 ஜூன் 9ஆந் திகதி ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் அவர் பயணஞ்செய்த புகைவண்டி பாலத்திலிருந்து கவிழ்ந்தது. பத்துப்பேர் மாண்டனர். டிக்கன்ஸ் இருந்த பெட்டி வீழாது தொங்கிற்று. அவர் வெளியேறிக் காயப்பட்டோருக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். காயமின்றித் தப்பினாரெனினும் அதன்பின் புகைவண்டி ஏறுந்தோறும் அவர் உடல் நடுங்கிற்று. வாசிப்புப் பயணங்களோ புகைவண்டியின்றி நடவா. ஆயினும் அவர் நிறுத்தவில்லை.

1867இன் இறுதியில் அமெரிக்கா சென்றார். பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் மக்கள் கடுங்குளிரிலே இரவிரவாகப் பாயும் போர்வையும் கொண்டு சீட்டுக்காகக் கியூவில் நின்றார்கள். கறுப்புச்சந்தைக்காரர் மொத்தமாக வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்க, பழி அவருடைய முகாமையாளர் டொல்பியின் தலையில் விழுந்தது. எல்லாரும் மயங்கினார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. இளைஞர் மார்க் துவெயின் நியூயோர்க்கிலே கேட்டுவிட்டு, தமக்கு ஏமாற்றமே என்று பத்திரிகைக்கு எழுதினார். அவர் கேட்ட காலத்தில் டிக்கன்ஸ் தீராத தடிமனாலும் இருமலாலும் வருந்திக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கால் வீங்கிச் சப்பாத்து அணியமுடியவில்லை, திடவுணவு ஏறவில்லை, முட்டையும் மதுவும் கலந்த பானங்களே ஆகாரம். அந்நிலையில் 76 வாசிப்புக்களை முடித்துக்கொண்டு, ஏறத்தாழ 19,000 பவுண் ஈட்டி 1868 ஏப்ரிலிலே கப்பலேறினார்.

திரும்பியவர் ஓய்ந்திருந்தால் இன்னும் சில நாவல்கள் நமக்குக் கிடைத்திருக்கும். அவர் தேர்ந்துகொண்டது வேறு. ‘ஒலிவர் டுவிஸ்ட்’ நாவலில், கள்வனாகிய பில் சைக்ஸ் தன்னையே நம்பியிருந்த நான்சியை அடித்துக் கொல்லும் கட்டத்தை வாசிப்புக்கென அமைத்தார். 1868 நவம்பரில் நண்பர் நூறு பேரளவில் அழைத்துச் சோதித்துப் பார்த்தார். கேட்டவர்கள் வெளிறிப்போனார்கள். சபையில் ஒரு பெண் அலறினால் எல்லாரும் அலறுவார்கள் என்று மருத்துவரொருவர் எச்சரித்தார். சொந்த மகனே வேண்டாமென்று தடுத்தான். 1869 ஜனவரி 5ஆந் திகதி அதனை அவர் பொதுமேடையில் வாசித்தார். கிளிப்டன் நகரிலே பெண்கள் பலர் மூர்ச்சித்துத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். அதனை அவர் கடிதத்தில் விவரிக்கும் தொனியிலே ஒரு மகிழ்ச்சி தொனிக்கின்றது. அது எனக்கு உவப்பானதன்று.

மருத்துவர் பியர்ட் நாடி பார்த்துக் குறித்துவைத்தார். சாதாரணமாக 72 ஆக இருந்த நாடி, நான்சியின் கொலைக்குப்பின் 112, 118, 124 என ஏறிற்று. 1869 ஏப்ரிலில் இடதுபக்கம் மரத்து, தள்ளாட்டங் கண்டது. பிரெஸ்டன் நகரத்து வாசிப்பை மருத்துவர் அன்றைக்கே நிறுத்தச்செய்து அவரை லண்டனுக்கு அழைத்துவந்தார்.

ஆயினும் விடைபெறாமற் போக அவர் மனம் ஒப்பவில்லை. 1870இன் தொடக்கத்திலே லண்டன் சென் ஜேம்ஸ் மண்டபத்தில் பன்னிரண்டு வாசிப்புக்களுக்கு அனுமதி பெற்றார். இவற்றிலும் நான்சியைக் கைவிட்டாரல்லர். மேடைப்படியருகே மகன் நின்றான், தந்தையார் தள்ளாடினால் ஓடிச்சென்று தாங்கும்படி மருத்துவர் அவனைப் பணித்திருந்தார். மார்ச் 15ஆந் திகதி இறுதி வாசிப்பு. தொடங்கிய கதையாகிய ‘கிறிஸ்மஸ் கரோலையே’ வாசித்தார். பின்பு ‘பிக்விக்’ நாவலிலிருந்து நீதிமன்றக் காட்சி. முடிவில் சில வார்த்தைகள் பேசி, தம் புதிய நாவல் விரைவில் அவர்கள் வீடுதேடி வருமென்றும், இவ்விளக்கொளியிலிருந்து தாம் என்றைக்குமாக மறைவதாகவும் சொல்லி இறங்கினார்.

அந்நாவல் முற்றுப்பெறவில்லை. 1870 ஜூன் 9ஆந் திகதி, புகைவண்டி கவிழ்ந்து சரியாக ஐந்தாண்டுகள் நிறைந்த அந்நாளில், காட்ஸ்ஹில் இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 58. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற 93,000 பவுணில் ஏறக்குறையப் பாதி, வாசிப்பினால் வந்தது.

அவர் கையாண்ட ‘கிறிஸ்மஸ் கரோல்’ வாசிப்புப் பிரதி பின்னர் கடல்கடந்து, நியூயோர்க் பொது நூல்நிலையத்தின் பேர்க் சேகரத்தை அடைந்தது. எந்த இடத்திற் குரலைத் தாழ்த்துவது, எங்கே மர்மம் தொனிக்கப் படிப்பது, எங்கே முகம் மலர்வது என்று அவர் ஓரங்களிலே கைப்பட எழுதிய குறிப்புக்களை அதிற் காணலாம்.