யோகாசாரியர் கிருஷ்ணமாச்சாரியார்

நமது வேலூர் ஜில்லாவில் அணைக்கட்டு முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தோல் சாலைகளுக்கும் பாதரட்சைச் சாலைகளுக்கும் வேலைக்குச் செல்லும் பெண்கள் பல்லாயிரவர். இந்த வயதுப் பெண்களையே பெரிதும் பீடிக்கும் வியாதியொன்று உண்டு. லூபஸ் என்பது அதன் பெயர். நோயை எதிர்க்க வேண்டிய தேகசக்தியே தன் உடலைப் பகையாகக் கருதித் தாக்குவது இதன் இயல்பு. மூட்டுகள் வீங்கும்; வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கும்; சிறுநீரகம் கெடும்; தூங்கி எழுந்தும் தீராத சோர்வு வாட்டும். பத்து நோயாளிகளில் ஒன்பதின்மர் பெண்கள். மருந்தை வருஷக்கணக்காக உட்கொள்ள வேண்டும். இத்தகைய பெண்ணிடம், மாத்திரையை விட்டெறிந்து யோகம் செய், நம் முன்னோர் கண்ட வித்தை இருக்க மருந்தெதற்கு என்று போதிப்போர் நமது தேசிய வகுப்பாரிலேயே இருக்கின்றனர். தேசாபிமானத்தின் பெயரால் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? யோகத்தை இக்காலத்தில் உலகறியச் செய்தவருள் முதல்வராகிய ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் சரித்திரத்தை இவர்கள் ஒருமுறை நோக்குவது நலம்.

அவர் மைசூர் ராஜ்யத்துச் சித்திரதுர்க்கத்தைச் சார்ந்த முசுகுந்தபுரத்தில் 1888-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி வைஷ்ணவ குடும்பத்தில் பிறந்தார். மைசூரிலும் காசியிலும் சாஸ்திரங்களைக் கற்றார், ஆயுர்வேதமும் பயின்றார். பின்னர் இமயத்துக்கு அப்பால், மானஸரோவரத்தருகே ராமமோகன பிரம்மசாரி என்னும் குருவிடம் ஏழு வருஷத்துக்கு மேல் யோகம் பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். இதற்கு அவர் வாக்கையன்றி வேறு சாட்சியம் இல்லையாதலால், நாம் இதை வலியுறுத்தவில்லை. நாடு திரும்பியபின் இல்லறம் ஏற்று, வறுமை காரணமாகச் சிலகாலம் காப்பித் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தார். இவ்வளவு கற்றவர் தோட்டக் கணக்குப் பார்க்க நேர்ந்தது அக்காலத்து நிலைமை!

மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் 1933-ல் அரண்மனையில் யோகசாலை ஏற்பட்டது. 1934-ல் யோக மகரந்தம் என்னும் நூலைக் கன்னடத்தில் எழுதினார். பட்டாபி ஜோயிஸ், மைத்துனர் பி. கே. எஸ். ஐயங்கார், ருஷ்ய தேசத்தில் பிறந்த இந்திரா தேவி ஆகியோர் அங்கே அவரிடம் பயின்றவர்களே. பாலர்களுக்கு அவர் கற்பித்தது கடினமான, விரைவான ஆசன வரிசை. அவர் மிகக் கண்டிப்பானவர் என்பதை ஐயங்காரே பிற்காலத்தில் மறைக்காமல் கூறினார். நாடித் துடிப்பை அடக்கும் ஆற்றலும் அவரது கீர்த்திக்கு ஒரு காரணமாயிற்று. 1961-ல் வெளியான ஆராய்ச்சியில், இதயம் நிற்பதில்லை, மார்புத் தசைகளை இறுக்குவதால் துடிப்பு புலப்படாமல் போகிறது என்று விளங்கிற்று. இதனால் அவர் பெருமை குன்றியதாக நாம் நினைக்கவில்லை. அவர் பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

மகாராஜா 1940-ல் காலமானார். சுதந்திரத்துக்குப் பின் ராஜாங்க ஆதரவும் போய், யோகசாலை 1950-ஐ ஒட்டி மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்த ஆசாரியர் பிழைப்புக்கு வழி தேட வேண்டியதாயிற்று. பக்கவாதத்தால் தளர்ந்திருந்த ஒரு பிரபல வக்கீலுக்குச் சிகிச்சை செய்யவே அவர் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அரண்மனைப் பாலர்களை விட்டு, முடங்கிய ஒரு மனிதரின் படுக்கையருகே அவர் அமர்ந்த அந்நாளே, நமது அபிப்பிராயத்தில், அவர் வாழ்வில் முக்கியமான நாள். கூட்டமாய் நிறுத்திக் கற்பிப்பது குறைந்தது. ஒருவருக்கு ஒருவராகக் கற்பிப்பது வளர்ந்தது. நாடி பார்த்து, வயது, தொழில், உணவு, உறக்கம் யாவும் விசாரித்த பின்னரே இன்னது செய், இத்தனை முறை செய் என்பார். கைதூக்க முடியாதவனுக்கு மூச்சு, உட்கார முடியாதவனுக்குப் படுக்கை. மனிதனுக்காக யோகமேயன்றி யோகத்துக்காக மனிதனல்லன் என்பதே அவர் நடத்தையில் கண்ட கொள்கை. தூக்கமின்றி வருந்திய ஓர் அயல்நாட்டு மாது அவரால் குணமடைந்ததைக் கண்டு, என்ஜினியரான புதல்வர் தேசிகாசாரியார் தம் தொழிலை விட்டுத் தந்தையிடம் சிஷ்யரானார். 1976-ல் தந்தை பெயரால் சென்னையில் யோக மந்திரம் நிறுவினார்.

லூபஸ் நோயாளிக்கு வேண்டுவது இம்முறையே. ஸ்டீராய்ட் மருந்து நெடுநாள் உண்டவர்களின் எலும்பு பலவீனப்படும். சிலருக்கு இடுப்பு மூட்டின் எலும்பே ரத்த ஓட்டமின்றி மடியும். அத்தகையவரைத் தலைகீழாக நிறுத்துவதும், முதுகை வளைத்து முன் குனியச் செய்வதும் அபாயம். வெயிலில் சூரிய நமஸ்காரம் கூடவே கூடாது. சூரியனே இந்நோயைக் கிளறுபவன். நோய் மூண்டிருக்கும் நாளில் படுத்தபடியே மெல்ல மூச்சை நீட்டி விடுதலே போதும். தணிந்த நாளில் நாற்காலியில் அமர்ந்து கைகளை உயர்த்தலாம், சுவரைப் பிடித்து நிற்கலாம். அளவான தேகப்பயிற்சி இந்நோயின் சோர்வைக் குறைக்கிறதென்று வைத்தியர்களும் ஒப்புகின்றனர். ஆனால் அது சிறுநீரகத்தின் வீக்கத்தை அடக்காது. அதை அடக்குவது மருந்து. நமக்கு அருகே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்நோய்க்கென்றே தேர்ந்த வைத்தியர்கள் இருக்கின்றனர். 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ல் மைதானத்தில் ஆயிரம் பேரை ஒரே ஆசனத்தில் நிறுத்தும் நமது தொண்டர்கள், அக்கூட்டத்தில் இந்நோயுடைய பெண் இருக்கிறாளா என்று முதலில் விசாரிப்பார்களா? யோகம் கற்பிப்பவர் அவளுடைய வைத்தியரின் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பார்களா?

ஆசாரியருக்கு 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. சஸ்திர சிகிச்சை வேண்டாமென்று மறுத்தார். இது அவர் வயதுக்கும் மனத்துக்கும் பொருந்திய முடிவு. பிறர் பின்பற்ற வேண்டுமென்று நாம் சொல்லோம். பின்னர், படுக்கையில் கிடந்தவாறே செய்யத்தக்க அப்பியாசங்களைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். மைசூரில் பாலர்களைத் தாவச் செய்தவர் தம் படுக்கையிலே மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். நூறு வயது நிறைந்தபின், 1989-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி சென்னையில் காலமானார்.