மாடி அறைக்கு வந்த காடு



லீவு முடிந்து, மறுபடி புத்தகத்தைக் கையில் எடுக்கும் முதல் நாள் எப்படி இருக்கும்? மனம் மட்டும் தாத்தா ஊர்த் தோப்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், இல்லையா? இங்கிலாந்தில் ஒரு சிறுமிக்கும் ஆண்டுதோறும் இதே கஷ்டம்தான். அவள் பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர்.

1866ம் ஆண்டு, ஜூலை 28ம் தேதி லண்டனில் பிறந்தாள். வசதியான குடும்பம். அந்தக் காலத்தில், அத்தகைய வீட்டுப் பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே ஆசிரியை வைத்துப் பாடம் சொல்லித் தருவார்கள். அதனால், பியாட்ரிக்ஸ் பள்ளிக்கே போனதில்லை. மாடியில் இருந்த ஓர் அறைதான் அவளுக்கு வகுப்பறை, விளையாட்டு மைதானம் எல்லாம். துணைக்குத் தம்பி பெர்ட்ரம் மட்டுமே.

கோடை வந்தால் எல்லாம் மாறிவிடும். 1871 முதல் சுமார் பத்து ஆண்டுகள், ஸ்காட்லாந்தில் டே ஆற்றங்கரையில் உள்ள டால்கைஸ் என்ற ஊரில் பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பமே அங்கு போய்த் தங்கும். ஏறக்குறைய மூன்று மாதங்கள்! அக்காவும் தம்பியும் காடு, வயல் எல்லாம் அலைந்து திரிவார்கள்.

கோடை கழிந்ததும் மறுபடி லண்டன், மறுபடி அந்த மாடி அறை, மறுபடி பாடம். பியாட்ரிக்ஸ் அழுதுகொண்டு உட்காரவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? காட்டையே அறைக்குக் கொண்டு வந்துவிட்டாள்!

தவளை, பல்லி, வவ்வால், எலி, முயல், முள்ளெலி என்று எத்தனையோ உயிர்கள் அந்த அறையில் வளர்ந்தன. சில, பெற்றோருக்குத் தெரியாமலேயே வந்து சேர்ந்தவை! அவற்றை உற்றுக் கவனித்து, காது, கால், ரோமம் என ஒவ்வொன்றாக வரைந்து பழகினாள். 1875ல், எட்டு ஒன்பது வயதிலேயே, கம்பளிப்பூச்சிகளை வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்தாள்.

பிறகு தம்பியும் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டான். தனிமையில், தானே உருவாக்கிய ரகசிய எழுத்தில் டைரி எழுதினாள். அதை 1958ல்தான் ஒருவர் படித்துப் புரிந்துகொண்டார்!

பதினேழு வயதில், ஜெர்மன் மொழி கற்றுத்தர ஆன்னி கார்ட்டர் வந்தார். பியாட்ரிக்ஸைவிட மூன்றே வயது மூத்தவர். ஆசிரியையே தோழியானார்.

ஆண்டுகள் ஓடின. 1893 செப்டம்பர் 4. கோடையின் கடைசி நாட்கள். ஸ்காட்லாந்தில் இருந்த பியாட்ரிக்ஸ், ஆன்னியின் ஐந்து வயது மகன் நோயலுக்குக் கடிதம் எழுதினார். பாவம், அவன் நோயுற்றுப் படுத்திருந்தான். என்ன எழுதுவது என்று தோன்றாததால், நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். தாம் வளர்த்த முயலின் பெயரையே, பீட்டர் என்று, கதையின் குறும்புக்கார முயலுக்கும் வைத்தார்.

அந்தக் கதையைப் புத்தகமாக்க விரும்பியபோது, பதிப்பகங்கள் பல மறுத்தன. சோர்ந்து போகாமல், 1901ல் தம் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் அதை வெளியிட, பீட்டர் முயல் உலகப் புகழ் பெற்றது!

காளான்களையும் நூற்றுக்கணக்கில் வரைந்தார். அவற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1897ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வைக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கு இடமில்லாததால், அவரால் அந்தக் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. எவ்வளவு அநியாயம்!

புத்தகம் தந்த பணத்தில் பண்ணைகள் வாங்கி, ஆடு வளர்த்தார். 1943 டிசம்பர் 22ல் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை, இயற்கை மாறாமல் காக்கும்படி நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார்.

குழந்தைகளே, நீங்கள் உயிரினங்களைப் பிடித்து வர வேண்டாம். லீவில் பார்த்த ஒரு பறவையை, ஒரு பூச்சியை, ஒரு பூவை நோட்டில் வரைந்து, தேதி போட்டு வையுங்கள். பள்ளி திறந்த பிறகும் உங்கள் லீவு அந்த நோட்டில் உங்களோடு இருக்கும்!