நோயாளியிடம் காசு வாங்காத இல்லம்

புற்றுநோய் என்ற பெயரை நம் வீடுகளில் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கிவைக்கும் குடும்பங்களும் நம் பங்குகளில் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நிலைமை இதைவிட மோசம். இது தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். இனிக் குணமாகாது என்று தெரிந்ததும் ஏழை நோயாளிகளை மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு மிஞ்சியது, ஆற்றின் நடுவே பிளாக்வெல் தீவில் இருந்த ஏழைகள் விடுதி.

இந்த ஏழைகளுக்காக மடிப்பிச்சை ஏந்தியவர் ரோஸ் ஹாதோர்ன். புகழ்பெற்ற நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதோர்னின் இளைய மகளாக 1851-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்தார். சிறு வயதில் ஐரோப்பாவில் வளர்ந்தவர். வசதியான நண்பர்கள் சூழ வாழ்ந்தவர். ஆனால் இல்லற வாழ்வு இனிக்கவில்லை. ஒரே மகன் பிரான்சிஸ் நான்கு வயதில், 1881-இல், தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். 1891-இல் ரோஸும் கணவர் ஜார்ஜ் லாத்ரோப்பும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்கள். கணவரின் குடிப்பழக்கம் குடும்பத்தைக் குலைத்தது. இறுதியில் திருச்சபையின் அனுமதியோடு 1895-இல் பிரிந்து வாழத் தொடங்கினார்.

இதற்குள் புற்றுநோய் அவரது நட்பு வட்டத்தைத் தொட்டிருந்தது. அவருடைய தோழி எம்மா லாசரஸ் 1887-இல் அந்நோயால் இறந்தார். சுதந்திர தேவி சிலையின் பீடத்தில் இடம்பெற்றுள்ள கவிதையை எழுதியவர் அவர்தான். செல்வக் குடும்பத்துப் பெண் என்பதால் கடைசிவரை அவருக்குக் கவனிப்பு இருந்தது. பின்னர் ஓர் ஏழைத் தையல்காரப் பெண்ணைப் பற்றி ரோஸ் கேள்விப்பட்டார். அதே நோய்தான், ஆனால் அவளைத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வேறுபாடு அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை.

1896-இல், 45 வயதில், நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். முகத்தைப் புற்று அரித்த ஒரு பெண்ணை அங்கே முதன்முதலில் பார்த்தபோது அவருக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. புனிதர்களுக்கு அப்படித் தோன்றாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்! பயிற்சி முடிந்ததும் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் சிறிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். மருத்துவமனை கைவிட்ட அந்தப் பெண்ணையே அங்கு அழைத்துவந்து கவனித்தார். ஓவியம் பயின்றுகொண்டிருந்த ஆலிஸ் ஹியூபர், ரோஸ் புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார். நோயாளியின் மனம் நோகக் கூடாது என்பதற்காகக் கையுறை இல்லாமலே புண்ணைத் தொட வேண்டும் என்பது அவர்களின் வழக்கம்.

பணத்துக்கு வழி? தந்தையிடமிருந்து வந்த எழுத்துதான். செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். ஏழை நோயாளிகள் படும் பாட்டை விளக்கி, வெட்கப்படாமல் கை நீட்டினார். 1901-இல், 'கிறிஸ்துவின் ஏழைகள்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழையும் தொடங்கினார். எழுத்தாளர் மார்க் ட்வெய்னும் இப்பணியை ஆதரித்தவர்களுள் ஒருவர். ஊராரிடமெல்லாம் கேட்ட ரோஸ், நோயாளியிடமோ அவர் குடும்பத்தாரிடமோ ஒரு காசும் வாங்கக் கூடாது, அரசுப் பணமும் வேண்டாம் என்று விதி வகுத்தார். காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற பேதம் அந்த வீட்டுக்குள் நுழையவே வழியில்லை.

கணவர் 1898-இல் இறந்தார். 1900 டிசம்பர் 8-ஆம் நாள் ரோஸ் தோமினிக்கன் துறவற உடை பெற்று அருள்சகோதரி மேரி அல்போன்சா ஆனார். ஆலிஸும் உடனிருந்தார். மறு ஆண்டு நகருக்கு வெளியே செபமாலைக் குன்று என்ற இல்லம் உருவானது. அந்த ஊருக்கே பிறகு ஹாதோர்ன் என்று பெயர் வந்தது.

பழைய கட்டடத்தில் நோயாளிகள் தீ விபத்தில் சிக்கிவிடுவார்களோ என்ற கவலை அன்னையை வாட்டியது. தீப்பிடிக்காத புதிய கட்டடத்துக்காக முதுமையிலும் நன்கொடை கேட்டுக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1926 ஜூலை 9-ஆம் நாள் உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார். அது அவருடைய பெற்றோரின் திருமண நாள்.

2024 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவிக்க ஒப்புதல் அளித்தார். செபமாலைக் குன்றில் அவருடைய சகோதரிகள் இன்றும் புற்றுநோயாளிகளைப் பராமரிக்கிறார்கள். இன்றும் அங்கே கட்டணம் இல்லை.