துப்பாக்கியைக் கீழே வைத்த கை

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் இருக்கின்றனர். எந்தத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது, எந்தப் படையின் கையில் இருந்தது, உருக்கின் மேல் பொறித்த எண் என்ன என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்து மகிழ்வது அவர்கள் வழக்கம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், உரிமம் பெற்ற ஒருவர் பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள இயலாது என்ற 2019-ஆம் ஆண்டின் திருத்தமும் இருப்பதால், இந்த ஆர்வம் பெரும்பாலும் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அலகாபாத் அருங்காட்சியகத்தில் சந்திரசேகர ஆசாத்தின் கைத்துப்பாக்கியைக் காண மக்கள் இன்றும் திரளுகின்றனர். பகத் சிங்கின் கைத்துப்பாக்கியும் எல்லைப் பாதுகாப்புப் படையின் பொறுப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழகத்தின் நினைவிலும் அப்படி ஒரு கைத்துப்பாக்கி உண்டு. பெல்ஜியம் நாட்டில் செய்யப்பட்ட பிரௌனிங் வகையைச் சேர்ந்தது அது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் அது வெடித்தது. அதைச் சுட்ட வாஞ்சிநாதனை நாடு அறியும். அந்தக் கைக்குப் பயிற்சி அளித்தவர் என்று வழக்கின் சாட்சியங்களும் பின்னர் வந்த நினைவுக் குறிப்புகளும் சுட்டும் வ.வே.சு. ஐயரையும் தமிழர் அறிவர். ஆனால், அவரைச் சிறுகதையின் முன்னோடி என்று ஒரு சாராரும், துப்பாக்கி வீரர் என்று இன்னொரு சாராரும், சேரன்மாதேவிச் சர்ச்சையின் நாயகர் என்று வேறொரு சாராரும் துண்டுபோட்டு நினைவில் வைத்திருக்கின்றனர். அவரது வாழ்க்கையை முழுதாகப் பார்க்கும்போதுதான் ஆயுதத்தின் எல்லை எதுவென்பது புலப்படும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881 ஏப்ரல் 2 அன்று பிறந்தவர் வேங்கடேச சுப்பிரமணியம். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பட்டம் பெற்று, வழக்குரைஞர் தேர்வில் தேறி, சில காலம் திருச்சியில் தொழில் நடத்தினார். பிறகு ரங்கூன் சென்றார். அங்கிருந்து 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போய் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். செல்வமும் செல்வாக்கும் மிக்க ஒரு வாழ்க்கைக்கான பாதை அது. அந்தப் பாதையை மாற்றியது இந்திய இல்லம். சாவர்க்கரும் அவரது தோழர்களும் கூடிய அவ்விடத்தில் ஐயர் முக்கியமானவராக விளங்கினார். பாரதியின் இந்தியா இதழுக்கு லண்டனிலிருந்து எழுதிவந்தார்.

அந்த இளைஞர்களை ஏன் கைத்துப்பாக்கி ஈர்த்தது என்பதை அன்றைய சட்டம் விளக்கும். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது. ஐரோப்பியர்க்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. ஆகவே, துப்பாக்கி வைத்திருப்பதே அடிமைத்தனத்தை மறுப்பதாகும் என்று அவர்கள் கருதினர். அதே காலத்தில் தொழில்நுட்பமும் மாறியிருந்தது. அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டால் தொழிற்சாலை வெளியிட்ட 1900-ஆம் ஆண்டு மாதிரி, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுடையது. 7.65 மில்லிமீட்டர் குண்டுகள் ஏழினைக் கொள்ளும். ஒரு முறை சுட்டதும் வெற்றுக் குப்பியைத் தானே வெளியேற்றி அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். ராணுவ அதிகாரிக்கென்று செய்யப்பட்ட அந்தக் கருவி, மறைத்து எடுத்துச் செல்ல எளிது என்பதாலேயே உலகெங்கும் ரகசிய இயக்கங்களின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. 1914-இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலகப்போருக்கு வழிதிறந்த கைத்துப்பாக்கியும் அதே தொழிற்சாலையில் பிறந்ததுதான்.

லண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த ஒரு சுடுபயிற்சிக் கூடத்தில் பழகிய மதன்லால் திங்ரா, 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டின் தொடக்கத்தில் இந்திய இல்லத்திலிருந்து இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் ரகசியமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் ஒன்று டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சனின் உயிரைக் குடித்தது. 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானதும், அடுத்த கைது தம்முடையதாக இருக்கும் என்பதை ஐயர் உணர்ந்தார். பாரிஸ்டர் பட்டம் பெறாமலேயே லண்டனை விட்டுப் பாரிஸ் சேர்ந்தார். பின்னர், தாடி வளர்த்து, மாறுவேடம் பூண்டு, பல நாடுகளைக் கடந்து அந்த ஆண்டின் இறுதியில் புதுச்சேரி வந்தடைந்தார்.

பிரெஞ்சுப் புதுச்சேரியின் புவியியலே தலைமறைவாளர்களுக்கு ஒரு துணை. அது ஒரே நிலப்பரப்பாக அமைந்ததன்று. பாகூர், வில்லியனூர் போன்ற கொம்யூன்களின் நஞ்சைகளும் ஏரிகளும் பிரிட்டிஷ் தென்னார்க்காட்டுக் கிராமங்களோடு பின்னிக் கிடந்தன. ஒரு வரப்பின் இப்புறம் பிரெஞ்சு ஆட்சி. அப்புறம் ஆங்கில ஆட்சி. வில்லியனூர் வழியாகச் செல்லும் ரயில் பாதையைக் காவலர்கள் கண்காணிக்கலாம். பாகூரின் வயல்வெளிகளில் நடந்து செல்லும் ஒவ்வொருவரையும் எப்படிச் சோதிப்பது? தடைசெய்யப்பட்ட இதழ்கள் எல்லை கடந்து போயின. இளைஞர்கள் வந்து போயினர்.

அப்படி வந்தவர்களுள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் அரசின் வனத்துறையில் புனலூரில் பணியாற்றிய அவர், 1911-இன் தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரி வந்து ஐயரைச் சந்தித்தார். கைத்துப்பாக்கியைக் கையாள அங்கேயே கற்றார். அடுத்த சில மாதங்களில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், மனைவியுடன் கொடைக்கானல் செல்லும் வழியில், மணியாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சி நடைமேடையின் கழிப்பறைக்குள் சென்று தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். பதினான்கு பேர் மீது வழக்கு நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரி ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஐயர் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் ஆங்கிலேயரின் கை அவரை எட்டவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடப்பது நேர்மை ஆகாது. வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் தேசத்தின் விடுதலையைக் கோரியது. அதே மூச்சில் சனாதன தர்மத்தின் அழிவுக்காக வருந்தி, ஆங்கில மன்னரைத் தாழ்த்திப் பேசச் சாதிச் சொல்லையே கையாண்டது. அந்த வீரத்தையும் உயிரீகத்தையும் போற்றுவோர் இந்த வரிகளைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். அந்நிய ஆட்சியாளன் ஒருவனை வீழ்த்த வல்ல ஆயுதத்தால், அதை ஏந்தியவரின் மனத்தில் இருந்த ஏற்றத்தாழ்வை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மணியாச்சிக்குப் பிறகு புதுச்சேரியில் நெருக்கடி முற்றியது. பிரிட்டிஷ் உளவாளிகள் நகரில் குவிந்தனர். வெளியார் அனைவரும் உள்ளூர்ப் பெருமக்கள் ஐவரின் நற்சான்றோடு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பிரெஞ்சு அரசு ஆணையிட்டது. ஐயரைச் சிக்கவைப்பதற்காக அவர் வீட்டுக் கிணற்றில் தேசத்துரோகப் பிரசுரங்கள் அடங்கிய ஒரு ஜாடியை யாரோ போட்டுவைத்தனர். அது தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டதும், மறைக்க முயலாமல் பிரெஞ்சு அதிகாரிகளிடமே தகவல் தரப்பட்டதால் சூழ்ச்சி முறிந்தது. 1914-இல் உலகப்போர் மூண்டு, செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியபின், இந்த அகதிகளை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்திவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

எந்த நாளும் தம்மைக் கொண்டுபோய்விடலாம் என்ற அந்த அச்சத்தின் நடுவே ஐயர் எடுத்துக்கொண்ட பணி திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது. அந்நூல் 1916-இல் வெளிவந்தது. 'குளத்தங்கரை அரசமரம்' உள்ளிட்ட அவருடைய சிறுகதைகள் பிறந்ததும் புதுச்சேரி வாசத்தின்போதுதான். கம்ப நிலையம் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். பிற நாட்டு வீரர்களின் வரலாறுகளைத் தமிழில் எழுதினார். கிரேக்க, லத்தீன் காப்பியங்களின் தட்டில் வைத்துக் கம்பனை எடைபோடத் துணிந்த முதல் தமிழ்த் திறனாய்வாளர்களுள் அவரும் ஒருவர். லண்டனிலிருந்து அவரோடு வந்த கல்வியில் எது நிலைத்தது என்று கேட்டால், சுடுபயிற்சியை யாரும் சொல்லமாட்டார்கள்.

போர் முடிந்து, பொதுமன்னிப்பு வந்ததும், 1920-இல் ஐயர் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பினார். சென்னையில் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டை ஆட்கொண்டிருந்த நேரம் அது. 1909-இல் லண்டனில் இந்தியர்கள் நடத்திய விஜயதசமி விருந்தில் காந்தியும் சாவர்க்கரும் ஒரே மேடையில் எதிரெதிர் வழிகளைப் பற்றிப் பேசிய காலத்தில், ஐயர் நின்றது சாவர்க்கரின் பக்கம். பத்தாண்டுகளுக்குப் பின் அவர் காங்கிரஸின் அறவழியை ஏற்றுப் பணியாற்றினார். 1921-இல் அரசு நிந்தனைக் குற்றச்சாட்டில் ஒன்பது மாதச் சிறை. பெல்லாரிச் சிறையில் அமர்ந்து கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வை, அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 1950-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் நூலாக்கியது.

விடுதலையான பிறகு அவர் கட்ட நினைத்தது ஒரு பள்ளியை. நெல்லை மாவட்டம் சேரன்மாதேவியில் 1922 இறுதியில் தமிழ்க் குருகுலம் உருவாயிற்று. காங்கிரஸும் பொதுமக்களும் பொருள் தந்தனர். தாய்மொழிக் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றில் தேர்ந்த புதிய தலைமுறையை உருவாக்குவது நோக்கம். ஆனால், பிராமண மாணவர் சிலருக்குத் தனிப் பந்தி என்ற ஏற்பாடு அங்கே இருந்தது தெரியவந்ததும் தமிழ்நாடே கொதித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் எதிர்த்தனர். பொதுப் பணத்தில் நடக்கும் தேசியக் கல்விக்கூடத்தில் பிறப்பின் பெயரால் பந்தி பிரிப்பதா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. விவகாரம் காந்தியடிகள் வரை சென்றது. மாணவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காட்டி ஐயர் தம் நிலையை விளக்கினார்; அந்த விளக்கம் கேள்விக்கு விடையாகவில்லை. 1925-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

உயிரைப் பணயம் வைத்து ஒரு பேரரசை எதிர்த்தவர், ஒரு பந்தியை ஒன்றாக்கத் தயங்கினார். அவரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஆயுதம் ஏந்துவதற்கு வேண்டிய துணிவு ஒரு கணத்துக்குப் போதும். தன் வீட்டு வழக்கத்தை மாற்றுவதற்கு வேண்டிய துணிவு நாள்தோறும் வேண்டும். மணியாச்சிக் கடிதத்தில் எழுந்த கேள்வியே பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சேரன்மாதேவிப் பந்தியில் திரும்பி வந்து நின்றது. அதற்குத் துப்பாக்கியிடம் விடை இருக்கவில்லை.

அந்தச் சர்ச்சையின் சூடு தணியும் முன்பே முடிவும் வந்தது. 1925 ஜூன் மாதத்தில் மாணவர்களோடு பாபநாசம் சென்றார் ஐயர். கல்யாண தீர்த்த அருவியில் மகள் சுபத்திரை நீரில் விழுந்தாள். காப்பாற்றப் பாய்ந்த தந்தையையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 44.

அவரை அடைகாத்த புதுச்சேரி மண்ணின் கதையும் இத்துடன் சேர்த்து நினைக்கத் தக்கது. பாகூரில் 1752-இல் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. வில்லியனூர்க் கோட்டையை 1760-இல் ஆங்கிலத் தளபதி கூட் கைப்பற்றினார். இரு ஊர்களும் அந்நியரின் துப்பாக்கிகளுக்குக் களமானவை. ஆனால், அதே பாகூர், ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் கூறும் பெரும் கல்விச் சாலை இருந்த ஊர். அந்தச் சாலைக்கென்றே மூன்று கிராமங்கள் வழங்கப்பட்டன. அதே வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலம் முடிவாயிற்று. கூடியிருந்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். எதிர்த்தவர் எட்டுப் பேர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அதற்கு முன்பு கொம்யூன் கொம்யூனாக நடந்த போராட்டங்களையும் அதில் மக்கள் பட்ட இன்னல்களையும் மறப்பதற்கில்லை. எனினும், இறுதித் தீர்ப்பை எழுதியது வாக்குச் சீட்டு.

பழைய கைத்துப்பாக்கியை ஆராய்வதிலும் அதன் வேலைப்பாட்டை வியப்பதிலும் தவறில்லை. அது வரலாற்றின் ஒரு சான்று. ஆனால், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் இரும்பு, தன்னை ஏந்தியவர் பிறகு என்ன ஆனார் என்பதைச் சொல்லாது. நம் பிள்ளைகளைப் பேழையின் முன் நிறுத்தும்போது, வ.வே.சு. ஐயரின் பிற்காலத்தையும் சேர்த்துச் சொல்லுவோம். குறளை மொழிபெயர்த்ததையும், கம்பனை உலகுக்கு எடுத்துச் சென்றதையும், பள்ளி கட்டியதையும், அந்தப் பள்ளியில் தவறியதையும் மறைக்காமல் சொல்லுவோம். கீழூர் நினைவிடத்துக்கும் ஒரு நாள் அழைத்துச் செல்லுவோம். அவர் முடிக்காமல் விட்ட வேலை, ஒரே பந்தியில் எல்லோரும் அமரும் பள்ளியைக் கட்டுவது. அது இன்றும் நம்முடைய வேலையாகவே இருக்கிறது.