பப் மேசையிலிருந்து உலகப் போட்டிக்கு... ஸ்னூக்கரை வளர்த்த ஜோ டேவிஸ் யார்?

ஸ்னூக்கருக்கும் நம்ம தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் இது. அதன் விதிகள் 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் எழுதி ஒட்டப்பட்டன என்பார்கள். ஆனால், அதிகாரிகளின் பொழுதுபோக்கு உலகப் போட்டியாக மாறியதற்குக் காரணம் வேறொருவர். பப் நடத்தியவரின் மகன் ஜோ டேவிஸ்.

பப்பில் கற்ற பாடம்

1901-ல் இங்கிலாந்தின் டெர்பிஷைர் பகுதியில் பிறந்தவர் டேவிஸ். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, செஸ்டர்ஃபீல்டு பக்கம் ஒரு பப்பை நடத்தினார். அங்கே முழு அளவு பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. சைதாப்பேட்டை சந்துகளில் பசங்க கேரம் போர்டைச் சுற்றி நின்றே ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதுபோல, டேவிஸும் அந்த மேசையைச் சுற்றியே வளர்ந்தார். 13 வயதில் உள்ளூர் பில்லியர்ட்ஸ் சாம்பியன். 18 வயதில் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்.

என்ன சிக்கல்?

அன்று மதிப்பு எல்லாம் பில்லியர்ட்ஸுக்குத்தான். ஆனால், பெரிய ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் ஒரே மாதிரி புள்ளி சேர்த்துக்கொண்டே போக, பார்ப்பவர்களுக்கு அலுத்துப்போனது. பில்லியர்ட்ஸ் கூடங்களை நிர்வகித்த டேவிஸ், வாடிக்கையாளர்கள் ஸ்னூக்கரை விரும்பி ஆடுவதைக் கண்ணால் பார்த்தார்.

1924-ல் டாம் டென்னிஸ் என்ற ஆட்டக்காரர் ஸ்னூக்கருக்குத் தொழில்முறைப் போட்டி கேட்டபோது, காசு கொடுத்துப் பார்க்கிற அளவுக்கு இதில் கவர்ச்சி இல்லை என்று சங்கம் தட்டிக்கழித்தது. பர்மிங்ஹாமில் பில்லியர்ட்ஸ் கூடம் வைத்திருந்த பில் கேம்கினுடன் சேர்ந்து டேவிஸ் மறுபடி முயன்றார். இந்த முறை அனுமதி கிடைத்தது.

பரிசு ஆறரை பவுண்டு

1927 மே மாதம் கேம்கினின் கூடத்திலேயே இறுதிப் போட்டி. அதே டென்னிஸை 20-11 என்று வென்ற டேவிஸுக்குக் கிடைத்தது ஆறரை பவுண்டு. அவ்வளவுதான்! ஆட்டக்காரர்கள் கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதியை வைத்தே கோப்பையும் வாங்கப்பட்டது.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 1931-ல் போட்டிக்கு வந்தவர்களே இரண்டு பேர்தான்: டேவிஸ், டென்னிஸ். அப்போதும் போட்டியைக் கைவிடாமல் நடத்தினார்கள். 1946 வரை நடந்த 15 போட்டிகளிலும் டேவிஸே சாம்பியன். அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் 147 புள்ளி ஆட்டமும் 1955-ல் அவர் ஆடியதே.

மறுபக்கம்

ஆட்டக்காரர், தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத் தலைவர், லண்டனின் முக்கியமான ஆட்டக்கூடத்தில் பங்குதாரர் என எல்லாமே அவர்தான். 1946-க்குப் பிறகு உலகப் போட்டியிலிருந்து விலகினாலும் மற்ற போட்டிகளில் ஆடினார். நிஜமான சாம்பியன் வெளியே இருக்கும்போது பட்டத்துக்கு என்ன மதிப்பு? மவுசு குறைந்துகொண்டே போய், 1957-க்குப் பிறகு உலகப் போட்டி நின்றேபோனது. 1964-ல்தான் மீண்டது. ஒற்றை மனிதரை நம்பி வளர்ந்த விளையாட்டு, அவர் விலகியதும் தள்ளாடியது.

1978-ல் ஷெஃபீல்டில் தம்பி ஃப்ரெட் ஆடிய உலகப் போட்டி அரையிறுதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டேவிஸின் உடல்நிலை மோசமானது. அந்த ஜூலையில் காலமானார். உலக சாம்பியன்கள் இன்றும் உயர்த்திப் பிடிப்பது, அன்று ஆட்டக்காரர்களின் காசில் வாங்கிய அதே கோப்பையைத்தான்.