காட்டையே கோட்டையாக்கிய பூலித்தேவர்



சங்கரன்கோவில் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? ஆடித்தபசுத் திருவிழா நினைவுக்கு வரும். ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் காட்சி தரும் சங்கரநாராயணர் நினைவுக்கு வருவார். நெற்றியில் பூசும் புற்றுமண் நினைவுக்கு வரும். சாப்பாட்டுப் பிரியர்களுக்கு பிரியாணியும் நினைவுக்கு வரலாம்!

அந்தக் கோயிலுக்குள் ஓர் இடத்தை மட்டும் ஊர்ப் பெரியவர்கள் தனி மரியாதையோடு காட்டுவார்கள். அதுதான் பூலித்தேவர் மறைந்த இடம். யார் அந்தப் பூலித்தேவர்? கோயிலுக்குள் அவர் எப்படி மறைந்தார்? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

சிறு வயதில் பெரிய பொறுப்பு

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, வாசுதேவநல்லூர் போகும் பக்கம் நெற்கட்டும்செவல் என்ற ஊர் இருக்கிறது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே 1715-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி பூலித்தேவர் பிறந்தார். தந்தை சித்திரபுத்திரத் தேவர். தாய் சிவஞான நாச்சியார். புலியோடு போரிட்டு வென்றதால் புலித்தேவர் என்ற பெயர் வந்ததாகவும், அதுவே பூலித்தேவர் ஆனதாகவும் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் தென்தமிழ்நாடு பல பாளையங்களாகப் பிரிந்திருந்தது. மதுரையை ஆண்ட நாயக்க மன்னர்கள் ஏற்படுத்திய முறை அது. ஒரு பாளையத்துக்கு ஒரு பாளையக்காரர். ஊரைக் காப்பதும், வரி வசூலிப்பதும், வழக்குகளைத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. பூலித்தேவர் 1726-ஆம் ஆண்டு பாளையக்காரர் ஆனார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. உங்களில் பலருடைய வயதுதான், இல்லையா?

வரி கேட்டு வந்த படை

நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு, பாளையக்காரர்கள் தமக்கு வரி கட்ட வேண்டும் என்று ஆற்காட்டு நவாப் சொன்னார். நவாப் முகமது அலி, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கடன்பட்டிருந்தார். அதனால் வரி வசூலிக்கக் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்தது.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எதற்காக வரி தர வேண்டும் என்பது பூலித்தேவரின் எண்ணம். அதனால் மேற்குப் பாளையக்காரர்கள் பலரை ஒன்று சேர்த்தார். நெல்லை வரியாகக் கட்டி வந்ததால் நெற்கட்டும்செவல் என்று பெயர் பெற்ற ஊர், வரி கட்ட மறுத்த பிறகு நெற்கட்டான்செவல் ஆனது என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

1755-ஆம் ஆண்டு தளபதி ஹெரான், நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு தெற்கே வந்தார். அந்தப் படையெடுப்புக்காக 500 ஐரோப்பியச் சிப்பாய்களும் 2000 உள்நாட்டுச் சிப்பாய்களும் புறப்பட்டிருந்தார்கள். நெற்கட்டும்செவலுக்கு வந்த ஹெரான் 20,000 ரூபாய் கேட்டார். பூலித்தேவர் ஒரு காசுகூடத் தரவில்லை. ஹெரானிடம் இருந்த பீரங்கிகளோ கோட்டையை உடைக்கப் போதவில்லை. கொண்டுவந்த உணவும் குறைந்துகொண்டே வந்தது. வேறு வழியின்றி ஹெரான் திரும்பிப் போனார். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799-இல். சிப்பாய்ப் புரட்சி நடந்தது 1857-இல். அதற்கு 102 ஆண்டுகளுக்கு முன்பே கம்பெனிப் படையைக் காத்திருக்க வைத்தே திருப்பி அனுப்பியவர் பூலித்தேவர்.

காடு என்ற நண்பன்

கோட்டைக்குள் இருந்து போரிடுவது ஒரு வகை. பூலித்தேவருக்கு இன்னொரு வகையும் தெரியும். அதுதான் காட்டுப் போர்.

வாசுதேவநல்லூரில் நின்று மேற்கே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மதில் போல நிற்கும். இன்று தோட்டமும் வயலுமாக இருக்கும் அடிவாரத்தில் அந்தக் காலத்தில் அடர்ந்த காடு இருந்தது. கம்பெனிப் படைக்கு அந்தக் காடு பெரிய தலைவலி. ஏன் தெரியுமா?

கம்பெனிச் சிப்பாய்கள் வரிசையாக நின்று, ஒன்றாகச் சுடப் பழகியவர்கள். மரங்களுக்கு நடுவே வரிசை ஏது? பீரங்கிகளை மாடுகள் இழுக்க வேண்டும். பாதை இல்லாத காட்டில் வண்டி எப்படிப் போகும்? அந்தக் காலத்துத் துப்பாக்கியில் வெடிமருந்தைத் தனியாக இட்டுச் சுட வேண்டும். மழையில் மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் தடிதான்!

பூலித்தேவரின் வீரர்கள் வேலும் வாளும் வளரியும் கொண்டு போரிட்டார்கள். எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளியலாம் என்பதெல்லாம் சொந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் காட்டு வாழ்க்கை சுகமானது என்று நினைத்துவிடாதீர்கள். பகலில் வெயில், இரவில் கொசு, மழைக்காலத்தில் அட்டை. பாம்பும் யானையும் உலவும் இடம். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் குளிர்ந்தாலும் நெருப்பு மூட்ட முடியாது. இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். இப்படி ஓர் இரவு இருக்க நம்மால் முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

இப்படி மறைந்திருந்து திடீரென்று தாக்கும் முறையைக் கொரில்லாப் போர் என்கிறோம். ஸ்பெயின் நாட்டு மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிறிய போர் என்று பொருள். 1808-இல் நெப்போலியன் படையை ஸ்பெயின் மக்கள் எதிர்த்தபோதுதான் அந்தச் சொல் உலகெங்கும் பரவியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நெல்லைச் சீமைக் காடுகளில் அந்தப் போர் நடந்துவிட்டது!

எதிரியின் முதுகுப்புறம்

பூலித்தேவருக்குக் கடுமையான எதிரியாக வாய்த்தவர் யூசுப்கான். மருதநாயகம் என்று நாம் அழைக்கும் அதே வீரர்தான். அப்போது அவர் கம்பெனியின் தளபதியாக இருந்தார். ஒரு காலத்தில் பூலித்தேவருக்குத் துணை நின்ற திருவிதாங்கூர் மன்னரும் பிறகு யூசுப்கான் பக்கம் சேர்ந்துகொண்டார். நண்பர் விலகிப் போவது எவ்வளவு வருத்தம்! பூலித்தேவர் அதையும் தாங்கிக்கொண்டார்.

1759-ஆம் ஆண்டு டிசம்பரில் யூசுப்கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கினார். மதிலில் உடைப்பு விழுந்தது. சிப்பாய்கள் உள்ளே ஏறத் தொடங்கினார்கள். அவர்கள் கவனமெல்லாம் முன்னால் இருந்த கோட்டை மீதே இருந்தது. பின்னால் காடு அமைதியாக இருந்தது.

ஆனால், அந்தக் காட்டுக்குள் பூலித்தேவர் இருந்தார்! நெற்கட்டும்செவலிலிருந்து வீரர்களோடு இரவோடு இரவாக நடந்து வந்திருந்தார். காட்டிலிருந்து வெளிப்பட்ட அவர்கள் எதிரியின் பாசறையைப் பின்புறமிருந்து தாக்கினார்கள். முன்னால் கோட்டை வீரர்கள், பின்னால் காட்டு வீரர்கள். நடுவில் சிக்கிய யூசுப்கானின் படையால் அன்று கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. இரவு முழுவதும் சத்தமின்றி நடந்த அந்தக் கால்கள்தான் அன்றைய வெற்றிக்குக் காரணம்.

வலியை வென்ற இருவர்

பூலித்தேவரின் படையில் பல சமூகத்தவரும் தோளோடு தோள் நின்றார்கள். அவர்களில் இருவரைப் பற்றி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதைகளைக் கேளுங்கள்.

ஒருவர் தளபதி ஒண்டிவீரன். ஒருமுறை தென்மலையில் இருந்த எதிரியின் பாசறைக்குள் வேலை தேடி வந்தவர் போல நுழைந்தார். இரவில் தளபதியின் குதிரையை அவிழ்த்தபோது அது கனைத்துவிட்டது. உடனே புல்லுக்கட்டுக்குள் படுத்து மறைந்துகொண்டார். வந்த காவலாளி குதிரையைக் கட்ட ஒரு முளையை அடித்தான். முளை ஒண்டிவீரனின் கையைத் துளைத்துத் தரையில் இறங்கியது! அவர் வாய் திறக்கவில்லை. காவலாளி போகும்வரை பொறுத்திருந்தார். கையை விடுவிக்க முடியாததால் அதைத் தாமே வெட்டிக்கொண்டு, குதிரையோடு தப்பி வந்தார் என்கிறது அந்தக் கதை.

மற்றவர் வெண்ணிக் காலாடி. எதிரிகள் காட்டுக்குள் பதுங்கியிருப்பதை அறிந்து, சில வீரர்களோடு போய்த் தாக்கினார். மறைந்திருந்த ஒருவனின் வாள் அவர் வயிற்றைக் கிழித்தது. அவரோ தலைப்பாகைத் துணியை அவிழ்த்து வயிற்றில் இறுகக் கட்டிக்கொண்டு போரைத் தொடர்ந்தார். பிறகு பூலித்தேவரிடம் வந்து செய்தியைச் சொல்லி, அவர் மடியிலேயே உயிர் விட்டார் என்பார்கள். அந்த நினைவாகக் காலாடி மேடு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அவர் நினைவாக அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது.

கோட்டை போனாலும்...

யூசுப்கான் விடவில்லை. 1760-ஆம் ஆண்டு டிசம்பரில் மறுபடியும் வந்தார். மாதக்கணக்கில் போர் நீண்டது. கடைசியில் 1761-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் விழுந்தன. பூலித்தேவர் அரண்மனையை இழந்தார், ஊரை இழந்தார். அப்போது அவருக்கு 45 வயது. இனி முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பிறகு கதை எப்படித் திரும்பியது பாருங்கள்! அதே யூசுப்கானை 1764-ஆம் ஆண்டு மதுரையில் கம்பெனியும் நவாபும் சேர்ந்து தூக்கிலிட்டார்கள். பூலித்தேவரின் ஆட்கள் மறுபடியும் ஒன்று சேர்ந்தார்கள்.

1767-ஆம் ஆண்டு மே மாதம் தளபதி டொனால்ட் கேம்பெல் பெரும் படையோடு வாசுதேவநல்லூரைத் தாக்கினார். அது மண்ணால் கட்டிய கோட்டை. கல் சுவரில் குண்டு பட்டால் கல் சிதறும். கெட்டித்த மண் சுவரிலோ குண்டு புதைந்துபோகும். இருந்தாலும் விடாமல் சுட்டால் மண்ணும் சரியத்தானே செய்யும்? சுவர் சரிந்த இடத்தில் வீரர்கள் பனைமரத் துண்டுகளையும் வைக்கோலையும் போட்டு அடைத்தார்கள். குண்டுகள் பாய்ந்து வரும்போதே அந்த வேலை நடந்தது. ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அந்த இடத்துக்கு வந்தார். பகைவரே வியந்த துணிவு அது.

ஒரு நாள் பெருமழை பெய்தது. இனியும் கோட்டையைக் காக்க முடியாது என்று உணர்ந்த வீரர்கள், அந்த மழையிலேயே வெளியே பாய்ந்து மேற்கு மலைக்குள் போய்விட்டார்கள். கேம்பெல்லுக்குக் கோட்டை கிடைத்தது. வீரர்கள் கிடைக்கவில்லை. காடு தன் பிள்ளைகளை மறைத்துக்கொண்டது.

கோயிலில் மறைந்தவர்

பூலித்தேவரின் முடிவைப் பற்றி மக்கள் சொல்லும் கதை இது. கம்பெனிப் படையினர் அவரைப் பிடித்துக் கொண்டு சென்றார்களாம். வழியில் சங்கரன்கோவிலில் இறைவனை வணங்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். கோயிலுக்குள் போனவர் திரும்பவே இல்லையாம். விலங்குகள் அறுந்து விழ, அவர் ஒளியில் கலந்துவிட்டார் என்று மக்கள் நம்புகிறார்கள். கோயிலில் காட்டப்படும் அந்த இடத்தின் கதை இதுதான்.

தங்களுக்காகப் போராடிய ஒருவரை எதிரி பிடித்துவிட்டான் என்று சொல்ல மக்களுக்கு மனம் வருமா? அதனால்தான் அவர் பிடிபடாமலே மறைந்தார் என்று இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு தலைவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

குழந்தைகளே, பூலித்தேவர் எல்லாப் போர்களிலும் வெல்லவில்லை. அவரிடம் பெரிய பீரங்கிகள் இல்லை. கம்பெனியைப் போலப் பணமும் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் போராட்டம் நிலைத்தது. காரணம், தாங்கிக்கொள்ளும் மன உறுதி. பொறுமை என்பது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது அல்ல. சுவர் சரியச் சரிய அதை அடைத்துக்கொண்டே இருப்பதுதான் பொறுமை. வாசுதேவநல்லூரில் பனைமரம் சுமந்த அந்த வீரர்களில் பெரும்பாலோருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் இல்லாமல் பூலித்தேவரும் இல்லை.

நெற்கட்டும்செவலில் அரசு அமைத்த பூலித்தேவர் நினைவு மாளிகை இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 1-ஆம் தேதி அங்கே மக்கள் கூடுகிறார்கள். அடுத்த முறை சங்கரன்கோவிலுக்குப் போனால், சாமி கும்பிட்டதும் அப்பா, அம்மாவிடம் சொல்லி அந்த ஊருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். போகும் வழியில் மேற்கே தெரியும் மலையையும் ஒரு நிமிடம் பாருங்கள். பூலித்தேவரின் வீரர்களுக்குக் கடைசிவரை இடம் கொடுத்த கோட்டை அதுதான்!