அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகை

எந்தத் தெரு என்று கேட்டால், ‘காலனி’ எனச் சொல்லத் தயங்கும் மாணவர்களை இண்டூர்ப் பேருந்துகளில் நாம் பார்க்கிறோம். இரட்டைமலை சீனிவாசன் தயங்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். வசவாக வீசப்பட்ட சாதிப் பெயரையே தலைப்பாக வைத்து, 1893இல் சென்னையில் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். கையிருப்பு 10 ரூபாய். படித்த நம்மவர்களே முகம் சுளித்தார்கள். தங்கையின் கணவர் அயோத்திதாசருக்கும் அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு என்றால் யாருக்கும் கை நடுங்கும். அவர் பெயரை மாற்றவில்லை. 1900 வரை பத்திரிகை வந்தது.

பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியதும் அவரே. 1935இல் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தார். வட்டமேசை மாநாட்டில் கூடவே இருந்த அந்தத் தலைவரோடும் சீனிவாசன் மாறுபட்டார். நாம் இந்துக்களே அல்ல, பிறகு மாறுவது எதற்கு என்பது அவர் கேள்வி. அது சரியா என்று நம் தெருவில் இன்றும் வாதம் நடக்கிறது.